வயலின் மூலையும் விழாவின் கொட்டிலும்

இடம்பெயர்ந்த கமக்காரனுக்கு மறக்க முடியாத சில கணக்குகள் உண்டு. எத்தனை ஏக்கர் விதைத்திருந்தோம், எத்தனை மூடை வந்திருக்கும், எந்த நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டோம் என்பதை அவன் நித்திரையில் கேட்டாலும் சொல்லுவான். இந்த நினைவை என்ன செய்வது? மறந்துவிடுவதே நல்லது என்பார் சிலர். அதை ஆறாத காயமாகச் சுமப்போரும் உண்டு. யூத மக்களின் மறைநூல் வேறொரு வழியைக் காட்டுகின்றது. தாம் நிலமற்று அலைந்த நினைவை அம்மக்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் விழாவாகவும், மற்றவருக்குச் செய்யவேண்டிய கடமையாகவும் ஆக்கிக்கொண்டனர். இப்பாடத்தில் அதனையே நாம் பார்ப்போம்.

யூதரின் மறைநூலில் முதல் ஐந்து நூல்களும் தோரா எனப்படும். 'போதனை' என்பது அதன் பொருள். எமது திருவிவிலியத்தின் தொடக்கத்திலும் இதே ஐந்து நூல்கள் உள்ளன. தோரா கூறும் மூன்று யாத்திரை விழாக்களும் கமத்தொழிலோடு பிணைந்தவை. வாற்கோதுமை அறுவடை தொடங்கும் காலத்தில் பாஸ்கா விழா வருகின்றது. அதிலிருந்து ஏழு வாரங்கள் கழித்து, கோதுமை அறுவடையோடு வாரங்களின் விழா. திராட்சை, ஒலிவம் யாவும் சேர்த்து முடிந்தபின், செப்டெம்பர் அல்லது ஒக்டோபர் மாதத்தில் கூடார விழா. எபிரேய மொழியில் அதனைச் சுக்கோத் என்பர். கொட்டில்கள் என்று பொருள்.

களஞ்சியம் நிறைந்தபின் ஏன் கொட்டில்?

கூடார விழாவின் ஒழுங்குகளை லேவியர் நூலின் 23 ஆம் அதிகாரம் கூறுகின்றது. ஏழு நாட்கள் கொட்டிலில் தங்கவேண்டும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய முன்னோர் பாலைவனத்தில் கொட்டில்களில் குடியிருந்ததைப் பின்வரும் தலைமுறைகள் அறியவேண்டும் என்பதே அதற்குத் தரப்படும் காரணம்.

இக்கட்டளை வரும் நேரத்தைக் கவனியுங்கள். பஞ்ச காலத்தில் அல்ல, களஞ்சியம் நிறைந்து வீட்டில் எல்லாம் இருக்கும் வேளையிலேதான் கமக்காரனை வெளியே வந்து கொட்டிலில் இருக்கச் சொல்கின்றார்கள். காரணம் இணைச்சட்ட நூலின் 8 ஆம் அதிகாரத்தில் உண்டு. நல்ல வீடு கட்டி, ஆடு மாடு பெருகி, வயிறார உண்ணும்போது மனிதனுக்கு ஒரு மறதி வரும். இவையெல்லாம் என் கையின் பலத்தால் வந்தவை என்று அவன் நினைக்கத் தொடங்குவான். அந்த மறதிக்கு மருந்தாகவே ஏழு நாள் கொட்டில் வாழ்வு.

கி.பி. 200 ஆம் ஆண்டளவில் யூத அறிஞர்கள் தமது வாய்மொழிச் சட்டங்களை மிஷ்னா என்னும் தொகுப்பாக ஒழுங்குசெய்தனர். கொட்டில் எப்படி இருக்கவேண்டும் என்பதை அது விளக்குகின்றது. கூரை மண்ணில் விளைந்து வெட்டப்பட்ட கொப்பு, ஓலை, வைக்கோல் போன்றவற்றால் வேயப்படல் வேண்டும். தகரம் ஆகாது, துணியும் ஆகாது. உள்ளே வெயிலைவிட நிழல் கூடுதலாக இருத்தல் வேண்டும். கூரையின் உயரம் 20 முழத்தை மிஞ்சக்கூடாது. கூரையினூடே இரவில் நட்சத்திரங்கள் தெரிவது நல்லது என்பதும் யூதரின் வழக்கம். செல்வந்தன் ஆயினும் அந்த ஏழு நாட்களில் அவனது கூரையும் ஓலைக் கூரையே.

ஆனால் இதே மிஷ்னா இன்னொன்றையும் சொல்கின்றது. கிண்ணத்திலுள்ள கூழ் கெட்டுப்போகும் அளவுக்கு மழை பெய்தால், கொட்டிலை விட்டு வீட்டுக்குள் போகலாம். இவ்விழா கொட்டில் வாழ்வைப் புகழ்வதற்காக ஏற்பட்டதன்று என்பது இதிலிருந்து தெளிவாகின்றது. மழை வந்தால் உள்ளே போவதற்கு வீடு உள்ளவனுக்கே அது கட்டளை. ஒழுகும் கூரையின் கீழ் வேறு போக்கிடம் இல்லாமல் இருப்பவரைப் பார்த்து, உமது வறுமை புனிதமானது என்று சொல்ல இவ்விழா எவருக்கும் இடம் தரவில்லை. வீடுள்ளவன் வீடற்றவனை நினைக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

விழாப் பட்டியலின் நடுவே வயற்சட்டம்

லேவியர் 23 ஆம் அதிகாரம் விழாக்களை வரிசையாகக் கூறும் ஒரு பட்டியல். வாரங்களின் விழாவைப் பற்றிச் சொல்லி முடித்தவுடன், அடுத்த விழாவுக்குப் போகுமுன், திடீரென வயலைப் பற்றிய ஒரு சட்டம் வருகின்றது. அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காதே. சிந்திய கதிரைப் பொறுக்காதே. அவற்றை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்பது அதன் கருத்து. ஏழைக்குப் பங்கு வைக்காத அறுவடையை விழாவாகக் கொண்டாட முடியாது என்பதையே இந்த இடம் உணர்த்துவதாக நாம் கொள்ளலாம்.

இணைச்சட்ட நூல் இன்னும் ஒன்றைச் சேர்க்கின்றது. வயலில் ஒரு கதிர்க்கட்டை மறந்து வந்துவிட்டால், அதை எடுக்கத் திரும்பிப் போகாதே. அது அந்நியனுக்கும், தந்தையற்ற பிள்ளைக்கும், கைம்பெண்ணுக்கும் உரியது. ஆக, அறுக்காமல் விட்ட மூலை, கையிலிருந்து சிந்திய கதிர், மறந்த கட்டு ஆகிய மூன்றும் ஏழையின் உரிமை. சொந்தக்காரன் கொடுக்கும் பிச்சை என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. மிஷ்னாவில் 'மூலை' என்ற பெயரிலேயே ஒரு பகுதி உண்டு. மூலைக்குத் தோரா அளவு எதுவும் குறிக்கவில்லை. எனினும் 60 இல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று அப்பகுதி வரம்பு கட்டுகின்றது.

இந்தச் சட்டத்தால் பிழைத்த ஒரு குடும்பத்தின் கதை ரூத்து நூலில் உள்ளது. பெத்லகேமில் பஞ்சம் வந்ததால் நகோமி கணவனோடும் இரு புதல்வரோடும் மோவாபு நாட்டுக்கு இடம்பெயர்ந்தாள். அங்கே கணவனையும் பிள்ளைகளையும் இழந்தாள். வெறுங்கையோடு ஊர் திரும்பியபோது அவளோடு வந்தவள் அந்நிய நாட்டவளான மருமகள் ரூத்து. வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நேரம். ரூத்து போவாசு என்பவரின் வயலில் கதிர் பொறுக்கப் போனாள். அவளைக் கண்டிக்கவேண்டாம், கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடுங்கள் என்று போவாசு தம் வேலையாட்களுக்குச் சொன்னார். பெறுபவள் வெட்கப்படாதபடி கொடுக்கும் வழி அது. அந்த ரூத்தின் கொள்ளுப் பேரனே தாவீது அரசர். இன்றும் யூதர்கள் வாரங்களின் விழாவில் இந்நூலை வாசிக்கின்றார்கள்.

பகிர்வோருக்கான ஒழுங்குகள்

நிவாரணம் வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். என்ன கிடைத்தது என்பதைப்போலவே, எப்படிக் கொடுத்தார்கள் என்பதும் மனதில் நின்றுவிடும். மிஷ்னாவும் அதற்குப் பின்வந்த தல்மூது என்னும் பெருந்தொகுப்பும் இந்த 'எப்படி' என்பதை ஆழமாக ஆராய்ந்துள்ளன.

முதலாவது, ஏழையின் நேரம். விடவேண்டிய பங்கை ஏன் வயலின் கடைசி ஓரத்தில் விடவேண்டும் என்று தல்மூது கேட்கின்றது. அது கூறும் காரணங்களில் ஒன்று, ஏழைகள் வீணே காத்திருக்கக்கூடாது என்பது. நடுவில் எங்கோ விடுவதானால், எப்போது விடுவான் என்று அவர்கள் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க நேரும். கடைசியில் என்றால், அறுவடை முடியும் நேரத்தைக் கணக்கிட்டு வரலாம். ஏழையின் நாளுக்கும் விலை உண்டு என்பதை அந்த அறிஞர்கள் அறிந்திருந்தார்கள். வயலில் மூலைக் கதிர் எடுப்பதற்குக் காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று வேளைகள் குறிக்கப்பட்டன. பால் கொடுக்கும் தாய்மார், சிறுவர், மெல்ல நடக்கும் முதியோர் ஆகிய எல்லாரும் வந்துசேர வசதியாகவே இப்படி வகுத்தனர் என்று உரையாசிரியர்கள் விளக்குகின்றனர்.

இரண்டாவது, பாரபட்சம். ஒருவரைப் பொறுக்கவிட்டு மற்றவரைத் தடுப்பவனும், ஒருவருக்கு மட்டும் கைகொடுத்து உதவுபவனும் ஏழைகளைக் கொள்ளையடிக்கிறான் என்று மிஷ்னா கடுமையாகச் சொல்கின்றது. தனக்கு வேண்டியவருக்கு அதிகம் கிடைக்கச் செய்வது இரக்கமாகத் தோன்றலாம். ஆனால் அது மற்றவரின் பங்கிலிருந்தே எடுக்கப்படுகின்றது.

மூன்றாவது, பாதுகாப்பு. மூலைக் கதிரை ஏழைகள் தாமே பறிக்கலாம். ஆனால் ஒருவரையொருவர் காயப்படுத்தாதபடி அரிவாளோ மண்வெட்டியோ கொண்டுவரக் கூடாது. பேரீச்சை போன்ற உயர்ந்த மரமானால், சொந்தக்காரனே பழத்தை இறக்கிப் பகிர்ந்து கொடுக்கவேண்டும்.

நான்காவது, மானம். எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் கமக்காரர் முதற்கனிகளைக் கூடையில் வைத்து அங்கே கொண்டுபோவர். அப்போது, அலைந்து திரிந்த தம் மூதாதையை நினைவுகூரும் சில வசனங்களை ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். தெரிந்தவர்கள் தாமே சொன்னார்கள். தெரியாதவர்களுக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். இதனால் வெட்கமடைந்த சிலர் முதற்கனி கொண்டுவருவதையே நிறுத்திவிட்டனர். உடனே ஒழுங்கு மாற்றப்பட்டது. அன்றுமுதல் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்குமே சொல்லிக்கொடுக்கப்பட்டது. வசனம் தெரியாதவரைப் பயிற்றுவித்துக் கொண்டுவாருங்கள் என்று எவரும் கட்டளையிடவில்லை. வெட்கத்துக்குக் காரணமான வேறுபாட்டையே எடுத்துவிட்டார்கள். கையெழுத்துத் தெரியாத ஒருவர் எமது சங்கக் கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட்டால், எதை மாற்றவேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

வாங்குகிறவரும் சுதந்திரரே

பாஸ்கா இரவில் யூதக் குடும்பங்கள் எகிப்திலிருந்து பெற்ற விடுதலையை நினைத்து உண்பர். அக்காலத்தில் சுதந்திர மக்கள் விருந்தில் சாய்ந்திருந்து உண்பது வழக்கம். மிக ஏழையானவனும் அன்றிரவு சாய்ந்திருந்தே உண்ணவேண்டும் என்று மிஷ்னா கூறுகின்றது. பொதுச் சமையலில் சாப்பிடுகிறவன் ஆயினும் அவனுக்கு நான்கு கிண்ணத் திராட்சை இரசத்துக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும். உயிர் தரிக்க வேண்டிய உணவோடு அந்த ஊராரின் கடமை முடியவில்லை. விழாவில் அவனும் மற்றவர்களைப்போல் சுதந்திர மனிதனாக அமரவேண்டும். இன்றும் அவ்விரவில், பசித்தவர் யாவரும் வந்து உண்ணலாம் என்ற அழைப்பு விடுக்கப்படுகின்றது.

தல்மூது இன்னும் ஒரு படி மேலே போகின்றது. தருமத்தில் வாழும் ஏழையும் தருமம் செய்யவேண்டும் என்கின்றது. இது சுமையாகத் தோன்றலாம். ஆனால் சற்று யோசித்தால், இதில் ஒரு பெரிய மதிப்பு இருக்கின்றது. எப்போதும் வாங்குகிறவனாகவே ஒருவனை வைத்திருப்பது அவனைச் சிறுமைப்படுத்துவதாகும். ஒரு பிடி அரிசியானாலும், பக்கத்துக் கொட்டிலில் காய்ச்சலாய்க் கிடப்பவருக்கு ஒரு குடம் தண்ணீரானாலும், அதைக் கொடுக்கும்போது நாமும் கொடுக்கத் தக்கவர் ஆகின்றோம்.

ஏன் இத்தனை தடவை?

அந்நியரை ஒடுக்காதீர்கள், நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தீர்கள் என்ற கருத்து தோராவில் மீண்டும் மீண்டும் வருகின்றது. அந்நியரைக் குறித்துத் தோரா 36 இடங்களில் எச்சரிக்கின்றது என்று தல்மூது கணக்குச் சொல்கின்றது. 46 என்போரும் உண்டு என அதிலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. ஒன்றை இத்தனை தடவை ஏன் சொல்லவேண்டும்? துன்பப்பட்டவர் எல்லாரும் தாமாகவே இரக்கமுள்ளவர் ஆகிவிடுவதில்லை. வரிசையில் தள்ளப்பட்டவன், தன் கைக்கு அதிகாரம் வந்ததும் மற்றவனைத் தள்ளக்கூடும். முதலில் வந்து குடியேறியவர், பின்னால் வந்தவரைக் கிணற்றடியில் தடுக்கக்கூடும்.

தோராவைப் பெற்ற மக்களும் இதற்கு விலக்கல்லர். கி.மு. 8 ஆம் நூற்றாண்டில் தெக்கோவா ஊரின் ஆமோஸ் என்ற ஆயர் தம் மக்களையே கண்டித்தார். தானியம் விற்க ஓய்வுநாள் எப்போது முடியும் என்று காத்திருப்பதையும், அளவையில் கள்ளம் செய்வதையும், கோதுமைப் பதரையும் விற்பதையும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். விழாவைக் கொண்டாடியும் அதன் பாடத்தைக் கைவிடலாம் என்பதற்கு அவரே சாட்சி.

கி.பி. 70 இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். முதற்கனி ஊர்வலம் நின்றுபோயிற்று. யூதர் பலர் பல நாடுகளில் நூற்றாண்டுகளாகச் சொந்த வயலின்றி வாழ்ந்தனர். ஆயினும் பின்வளவிலும் மாடியிலும் கொட்டில் போட்டு, தம் கையில் இல்லாத நிலத்தின் அறுவடை விழாவைக் கொண்டாடி வந்தனர். 12 ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடெஸ் என்னும் அறிஞர், விழாநாளில் கதவைப் பூட்டிக்கொண்டு தன் குடும்பத்தோடு மட்டும் உண்பவனின் மகிழ்ச்சி வெறும் வயிற்றின் மகிழ்ச்சியே என்று எழுதினார்.

எமது கையில் இன்று வயல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திரும்பவும் விதைத்து அறுக்கும் நாளில் ஒரு மூலையை விட்டுவைப்பது ஒரு தொடக்கம். வயல் இல்லாதபோதும், பகிரும் இடத்தில் நேரம் தவறாமை, பாரபட்சமின்மை, பிறர் மானம் காத்தல் ஆகியவற்றை நாம் இப்போதே பழகலாம். இழந்ததை எண்ணிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், எம்மைவிடக் குறைவாக உள்ள ஒருவரின் பெயரையும் சேர்த்து எண்ணுவோம்.

குழுவாகச் சிந்திப்போம்

1. நாம் உதவி பெற்ற இடங்களில் எமது மானம் காக்கப்பட்ட ஒரு தருணத்தைக் கூறுவோம். அங்கே என்ன செய்தார்கள்?

2. எமது பகுதியில் பொருட்கள் பகிரப்படும்போது கைக்குழந்தையுள்ள தாய்மாரும் முதியோரும் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றனர்? அதைக் குறைக்க என்ன செய்யலாம்?

3. எமது சங்கக் கூட்டத்துக்கு வெட்கத்தினால் வராதவர் யார்? அவர் வருவதற்கு எந்த ஒழுங்கை மாற்றவேண்டும்?

4. அடுத்த அறுவடையிலோ வீட்டுத் தோட்டத்திலோ நாம் விடக்கூடிய 'மூலை' எது? அது யாருக்கு?