குறைவது வீண்செலவா, கூலியா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் தேநீர்க் கடை முதல் விவசாயிகள் குறைதீர் கூட்டம் வரை சலிக்காமல் சொல்லப்படும் கூற்று ஒன்று உண்டு. நூறு நாள் வேலைக்கு ஒதுக்கும் பணத்தை அரசு குறைத்தால் எந்த ஏழைக்கும் நட்டமில்லை, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவர்களின் வெட்டிக்கூலிதான் மிச்சமாகும், வயலுக்கும் ஆள் திரும்பி வரும் என்பது அது. இதைச் சொல்பவர்களில் பலர் நன்கு படித்தவர்கள் என்பதும், நிதிநிலை அறிக்கை நாளன்று வருமான வரி வரம்பைத் தவிர வேறெதையும் அவர்கள் கவனிப்பதில்லை என்பதும்தான் பொறுமையைச் சோதிக்கின்றன.

2005-இல் இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், ஊரகக் குடும்பம் ஒன்று கேட்டால் ஆண்டுக்கு 100 நாள் வேலை தரவேண்டியதை அரசின் கடமையாக்கியது. 15 நாளுக்குள் வேலை தரப்படாவிட்டால் வேலையில்லாப் படி, வேலை முடிந்த 15 நாளுக்குள் கூலி, தாமதித்தால் இழப்பீடு என்பவை அதன் பற்கள். உரிமை சட்டத்தில் இருக்கும்போது ஒதுக்கீட்டைக் குறைத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள், கருவூலம் இயங்கும் விதத்தை அறியாதவர்கள். பணம் போதாதபோது எந்த அலுவலகமும் ‘வேலை இல்லை’ என்று எழுதிக் கொடுப்பதில்லை. வேலை கேட்பு விண்ணப்பத்துக்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு தரப்படுவதில்லை, அதனால் வேலை கேட்டதற்கே சான்று இருப்பதில்லை, திறந்த பணிக்கோ கூலி மாதக்கணக்கில் நிற்கிறது. அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டில் ஒரு பகுதி இந்தப் பழைய பாக்கிக்கே போய்விடுவதால், அந்த ஆண்டும் நொண்டிக்கொண்டே தொடங்குகிறது. 2022-23-இன் திருத்திய மதிப்பீட்டில் 89,400 கோடி ரூபாயாக இருந்த தொகை, 2023-24 நிதிநிலை அறிக்கையில் 60,000 கோடியாக, அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டப்பட்டு, ஆண்டு முடிவதற்குள் 86,000 கோடியாகத் திருத்தப்பட்டது. வேலை தேவைப்படுவோர் குறையவில்லை என்பதற்கு அந்தத் திருத்தமே சாட்சி. இடைப்பட்ட மாதங்களில் காத்திருந்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

அந்தக் காத்திருப்பின் விலையைக் கணக்கிடலாம். 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். ஆறு நாள் கண்மாய் வேலைக்கு முழு அளவில் 1,914 ரூபாய். தாமத இழப்பீடு நாளுக்கு 0.05 விழுக்காடு, ஏறத்தாழ ஒரு ரூபாய். ஊர்க் கணக்கில் சொன்னால் ஒன்றரை வட்டி. கூலி வராததால் அதே தொகையை ஐந்து வட்டிக்கு வாங்கும் பெண் மாதம் 96 ரூபாய் கட்டுகிறார், இழப்பீடு ஒழுங்காக வந்தாலும் 29 ரூபாய்தான் பெறுகிறார். அரசு பணப் பற்றாக்குறையைச் சமாளிப்பதற்கு அவர் வட்டி கொடுக்கிறார் என்பதே இதன் பொருள். இதற்குப் பெயர் சிக்கனமாம்! 2024 நவம்பர் இறுதியிலிருந்து நின்றுபோன 1,056 கோடி ரூபாய்க் கூலியை விடுவிக்குமாறு தமிழக முதலமைச்சர் 2025 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதவேண்டி வந்தது. நிர்வாகத் தாமதத்தைக் காட்டிக் கூலியை நிறுத்திவைக்க முடியாது என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இம்மாநிலத்தில் இவ்வேலைக்கு வருவோரில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதால், நின்றது யாருடைய கூலி என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

‘வயலுக்கு ஆள் வரும்’ என்ற வாதமும் நிற்காது. கல்லணைக் கால்வாய் எட்டும் அறந்தாங்கிப் பக்கத்தை விட்டுவிட்டால், அன்னவாசல், குன்றாண்டார்கோவில், அரிமளம் போன்ற ஒன்றியங்கள் மழையையும் கண்மாயையும் நம்பியவை. நடவும் அறுப்பும் முடிந்த பின்னர் அங்கே ஆளைக் கூப்பிட வயலில் வேலையே இருப்பதில்லை. நாடு முழுவதும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைத்துவந்ததும் 50 நாள் அளவுதான். இத்திட்டத்தின் நிர்வாகம் சீரான பகுதிகளைச் சீராகாத பகுதிகளோடு ஒப்பிட்டு, பழைய ஆந்திரப் பிரதேசத்தில் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு, ஏழைக் குடும்பங்களின் வருமானம் 13 விழுக்காட்டளவு உயர்ந்ததையும், அந்த உயர்வின் பெரும்பகுதி திட்டத்துக்கு வெளியே உள்ள வேலையிலிருந்தே வந்ததையும், வெளி வேலை குறையவில்லை என்பதையும் காட்டியது. பேரம் பேசும் வலு கூடியதால் கூலி ஏறியது. ‘ஆள் இல்லை’ என்ற புலம்பலில் பாதி, பழைய கூலிக்கு ஆள் இல்லை என்பதே.

மரத்தடிக் கதையில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அளவெடுப்பு ஒழுங்கற்ற ஊர்கள் இருக்கின்றன. அதற்கு மருந்து ஒழுங்கான அளவெடுப்பு.

வெட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ‘ஏழைகள் வரி கட்டுவதில்லை’ என்பது சோப்பு வாங்கியறியாதவர் பேச்சு: 2025 செப்டம்பர் வரை குளியல் சோப்பின் மீது 18 விழுக்காடு சரக்கு, சேவை வரி இருந்தது. சிக்கனம் எல்லாருக்கும் பொது என்பதும் பொய். 2019 செப்டம்பரில் நிறுவன வரி குறைக்கப்பட்டபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாயை அரசு விட்டுக்கொடுப்பதாக நிதியமைச்சரே அறிவித்தார். எதிர்த் தரப்பின் ஆர்வலர்கள் எந்த வெட்டும் ஏழைக்குப் பகை என்பதும் மிகை: 2010-இல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியபோது சுமை முதலில் விழுந்தது வண்டி வைத்திருந்தவர்கள் மீது.

புதிய சட்டத்தில் வேலை நாள் 125 ஆகிவிட்டதால் இனி வெட்டு என்ற பேச்சே இல்லை என்பது புது வதந்தி. பழைய சட்டத்துக்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் ஒன்றிய அரசு ஏற்றதற்குப் பதிலாக 60:40 என்று பங்கு பிரிக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு தொகையை ஒன்றியம் வரையறுக்க, அதற்கு மேற்பட்ட செலவு மாநிலத்தின் தலையில் விழுகிறது. விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை பணியை நிறுத்தவும் இடமளிக்கிறது. கூடிய 25 நாளைவிட இந்த உச்சவரம்பே கவனிக்கத்தக்கது.

கிடைக்கும் நாளையாவது இம்மாவட்டம் சரியான இடத்தில் செலவிடலாம். மடைக்கு முன்னால் மண் வெட்டி ஆழப்படுத்துவதிலேயே ஆண்டுகள் கழிகின்றன. கண்மாய்க்கு நீரைக் கொண்டுவரும் வரத்து வாரிகளோ சீமைக் கருவேலம் மண்டியும், ஓரங்கள் வயலோடு சேர்க்கப்பட்டும் கிடக்கின்றன. வாரி அடைபட்ட கண்மாயை ஆழமாக்கினால் கிடைப்பது ஆழமான பள்ளம் மட்டுமே. ஆகவே அக்டோபர் 2 கிராம சபையில் வேலைப் பட்டியல் எழுதப்படும்போது, வருவாய்த்துறையின் புலப்படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வாரியின் அகலத்தைத் தலைப்பிலிருந்து கண்மாயில் சேரும் இடம் வரை அளந்து, அதையே முதல் வேலையாகத் தீர்மானத்தில் எழுதச் சொல்லவேண்டும்.