வயரைச் செருக முன்

கேள்வி:

ஐயா, நான் கோண்டாவிலில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ரொறன்ரோவில் இருக்கும் மகள் மூன்று வருடத்துக்கு முன் வந்தபோது ஒரு சாம்சங் கலக்ஸி போன் கொண்டுவந்து, எல்லாவற்றையும் தானே போட்டுத் தந்துவிட்டுப் போனாள். இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த பேரன் விளையாட்டாகப் பூட்டு எண்ணை மாற்றிவிட்டான். ஏழு வயதுப் பிள்ளை. என்ன எண் போட்டான் என்று அவனுக்கே நினைவில்லை. இப்போது அழைப்பு வந்தால் எடுக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

பக்கத்து வீட்டுப் பெடியன் கம்பஸில் படிக்கிறான். லப்டொப்பில் வயரைச் செருகி ரீசெற் பண்ணினால் திறக்கும் என்கிறான். ரவுணில் ஒரு கடையிலும் கேட்டேன். கொம்பியூட்டரில் போட்டுத் திறக்கலாம், படம் ஒன்றும் அழியாது என்றார்கள். போன வருடம் காலமான என் கணவரின் கடைசிக் காலப் படங்களும், கொழும்பில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கும் பிள்ளைகளுக்கும் பேசி அனுப்பிய குரல் பதிவுகளும் அதற்குள்தான் இருக்கின்றன. 1995ஆம் ஆண்டு யாழ்ப்பாண இடப்பெயர்வில் எங்கள் கலியாண அல்பம் உட்பட எல்லாம் போய்விட்டது. இதையும் இழக்க மனமில்லை. ரீசெற் பண்ணக் கொடுக்கலாமா?

மருமகனின் பழைய ஐபோன் ஒன்றும் அலுமாரியில் பூட்டுப்பட்டுக் கிடக்கிறது. அதற்கும் இதே வழிதானா?

பதில்:

ரீச்சர், போனை இப்போதைக்கு ஒருவரிடமும் கொடுக்க வேண்டாம். அணைக்கவும் வேண்டாம். சார்ச் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு எண்ணை அடித்துப் பார்க்கவும் விட வேண்டாம். பல தடவை பிழையான எண்ணை அடித்தால் உள்ளே இருப்பதைத் தானாகவே அழித்துவிடும் ஏற்பாடு ஒன்று சாம்சங்கில் உண்டு. அதை யாராவது இயக்கி வைத்தார்களா என்று இப்போது பார்க்க வழியில்லை.

ரீசெற் பண்ணினால் போன் திறக்கும் என்று அந்தப் பெடியன் சொன்னது சரி. படம் அழியாது என்று கடையில் சொன்னது சரியல்ல. ரீசெற் என்பது பூட்டைத் திறப்பதல்ல. பெட்டியில் இருந்து முதன்முதல் எடுத்த நாளில் போன் எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோவது. கொம்பியூட்டரில் செய்தாலும், போனின் பொத்தான்களை அழுத்திச் செய்தாலும், கனடாவில் இருந்து மகள் இன்ரநெற்றில் செய்தாலும் முடிவு ஒன்றுதான்.

அழிந்த படங்களைப் பிறகு மீட்கலாமே என்றும் சொல்வார்கள். கமராவின் மெமரி காட்டில், பென் டிரைவில் அது நடப்பதுண்டு. போனில் நடக்காது. அன்ட்ரொயிட் 10 உடன் விற்பனைக்கு வந்த போன் ஒவ்வொன்றும் தன் உள்ளடக்கத்தைக் குறியாக்கம் செய்தே சேமிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அதற்கு முந்திய பல சாம்சங் போன்களும் அப்படித்தான். அதாவது உங்கள் கணவரின் படம் படமாகச் சேமிக்கப்படவில்லை. ஒரு சாவியால் கலைத்துப்போட்ட எண்களாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சாவி, திரையில் அடிக்கும் எண்ணும் போனுக்குள் இருக்கும் ஒரு சில்லின் இரகசியமும் சேர்ந்தால்தான் கிடைக்கும். ரீசெற் பண்ணும்போது அந்தச் சாவியே தொலைகிறது. பிறகு எந்த நாட்டு மென்பொருளைக் கொண்டுவந்தாலும் கலைந்த எண்கள் கலைந்தபடியே இருக்கும்.

கடைக்காரர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அன்ட்ரொயிட் 4.4 வரைக்கும் கோடு போடும் பூட்டை மறந்தால், கூகுள் கணக்கைக் கொடுத்துப் படங்கள் அழியாமல் திறக்க ஒரு வழி இருந்தது. 2014இல் அன்ட்ரொயிட் 5 வந்ததோடு அது போய்விட்டது. அந்தக் காலத்தில் தொழில் பழகியவர்கள் சிலர் இன்னும் அந்த நினைவிலேயே கதைக்கிறார்கள். இன்ரநெற்றில் காசு வாங்கிக்கொண்டு இறக்கித் தரும் ‘அன்லொக்’ மென்பொருள்களும் அதே உறுதியைத் தருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் செய்வது ரீசெற்தான்.

ஆகவே கொம்பியூட்டரில் நீங்கள் முதலில் திறக்க வேண்டியது சாதாரண பிரவுசர். போன் வயருக்கு இன்னும் வேலை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிட்டு உட்காருங்கள். அந்தப் போனில் இருந்த கூகுள் கணக்கு எது என்று மகளிடம் கேளுங்கள். அவளே போட்டுத் தந்ததால் அது அவளுடைய கணக்காகக்கூட இருக்கலாம். எங்கள் ஊரில் பாதிப் பேரின் போன் அப்படித்தான், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கில் நுழைந்து கூகுள் போட்டோஸைத் திறவுங்கள். படங்கள் அங்கே ஏறியிருந்தால் தேதி வாரியாகத் தெரியும். கடைசியாக ஏறிய படத்தின் தேதியைக் குறித்து வையுங்கள். அதற்குப் பிறகு எடுத்த படங்கள் போனுக்குள் மட்டுமே இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து கூகுள் டிரைவ். அதில் சேமிப்பிடம் என்ற பகுதிக்குள் போனால் ‘பேக்கப்’ என்று ஒரு பட்டியல் வரும். வட்ஸ்அப்பின் பேக்கப் அங்கே கிடந்தால் மனது ஆறும். குரல் பதிவுகளும் அதற்குள் இருக்கும். ஆனால் அதைத் திறந்து பார்க்க முடியாது. அதே தொலைபேசி எண், அதே கூகுள் கணக்கு இரண்டையும் இன்னொரு அன்ட்ரொயிட் போனில் போட்டு, வட்ஸ்அப் தொடங்கும்போது ‘மீட்டெடுக்கவா’ என்று கேட்கும் திரையில் ஆம் என்று அழுத்த வேண்டும். அந்தத் திரையை அவசரத்தில் தாண்டிப் போனால், புதிய வெறும் பேக்கப் ஒன்று பழையதன் இடத்தைப் பிடித்துவிடக்கூடும். சிம்மை வேறு போனில் போடும் யோசனை இருந்தால் இதை முதலே தெரிந்து வைத்திருங்கள்.

எந்தக் கொம்பியூட்டரிலாவது உங்கள் வட்ஸ்அப்பை முன்பு இணைத்திருந்தீர்களா? இருந்தால் அதிலிருந்து வெளியேறாமல், குரல் பதிவுகளை இன்றைக்கே ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்ளுங்கள். போனைப் பதினான்கு நாள் பாவிக்காமல் விட்டால் அந்த இணைப்பு தானாக அறுந்துவிடும்.

இந்த இடத்தில் பலர் மறக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் கணவர் பிள்ளைகளுக்கு அனுப்பிய குரல், பிள்ளைகளின் போனிலும் இருக்கிறது. குடும்பக் குழுவில் போட்டது என்றால் அந்தக் குழுவில் அன்றைக்கு இருந்த அத்தனை பேருக்கும் போயிருக்கும். மகள், மகன், மருமக்கள், கொழும்பில் ஆஸ்பத்திரியில் கூட நின்றவர்கள் எல்லாருக்கும் இன்றிரவே சொல்லுங்கள்: அவருடைய பதிவு எதையும் அழிக்க வேண்டாம், இருப்பதை எல்லாம் ஒரு இடத்துக்கு அனுப்புங்கள் என்று. உங்களுக்கு மட்டும் அவர் தனியாகப் பேசி அனுப்பியது இதில் வராது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. மற்றதெல்லாம் பெரும்பாலும் வந்து சேரும்.

போனில் மெமரி காட் இருக்கிறதா என்றும் பாருங்கள். கலக்ஸி ஏ வரிசைப் போன்கள் பலவற்றில் சிம் தட்டிலேயே அதற்கும் இடம் உண்டு. ஊசி போன்ற அந்தச் சின்னக் கம்பியால் தட்டை வெளியே எடுத்து, காட்டைக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தால், கமரா படங்கள் அங்கே சேமிக்கப்பட்டிருந்தால் போனின் பூட்டு எண் இல்லாமலே திறக்கும். தனியாகக் குறியாக்கம் செய்த காட் என்றால் திறக்காது. அப்படியான காட்டை அதே போனில் போட்டுத்தான் பார்க்க முடியும் என்பதால் ரீசெற் பண்ணினால் அதுவும் போய்விடும்.

படங்களோடு போனைத் திறக்க ஒரேயொரு நேர்மையான வழி எனக்குத் தெரியும். அது முன்பு ‘ஸ்மார்ட்திங்ஸ் ஃபைண்ட்’ என்றும் இப்போது ‘சாம்சங் ஃபைண்ட்’ என்றும் சொல்லப்படும் சாம்சங்கின் இணையத்தளம். போனில் சாம்சங் கணக்கு போட்டிருந்து, தூரத்தில் இருந்து திறக்க அனுமதிக்கும் அமைப்பையும் மகள் அப்போது இயக்கி வைத்திருந்தால், அங்கே நுழைந்து பூட்டை நீக்கலாம். அதற்குப் போன் உயிரோடும் இன்ரநெற் தொடர்போடும் இருக்க வேண்டும். அணைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான். அதே பக்கத்தில் எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானும் இருக்கிறது. கை தவறிவிடாமல் ஆறுதலாக வாசித்து அழுத்துங்கள்.

பேரனையும் விட்டுவிடாதீர்கள். புதிய எண் போடும்போது போன் அதை இரண்டு தடவை அடிக்கச் சொல்லும். ஆகவே அவன் ஏதோ ஒரு எண்ணை யோசித்துத்தான் போட்டிருக்கிறான். வீடியோ அழைப்பில், அதட்டாமல், எண் பலகை ஒன்றைக் காட்டி, விரல் எங்கே போனது என்று கேளுங்கள். பிறந்தநாள், வீட்டு இலக்கம், விளையாட்டில் பாவிக்கும் எண் என்று அவனே சொல்லக்கூடும். அவன் சொல்வதை மட்டும் அடித்துப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் படங்கள் வேறெங்கும் இல்லை என்று தெரிந்தால் ரீசெற் பண்ண வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். போனை அரைவாசிச் சார்ச்சோடு அணைத்து எடுத்து வையுங்கள். எண் ஒருநாள் நினைவுக்கு வந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். கதைக்க வேறொரு போன் வாங்கலாம். பாவித்த போன் வாங்குவதானால், அதில் நட்சத்திரம், ஹாஷ், பூச்சியம், ஆறு, ஹாஷ் அடித்தால் வரும் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

எல்லாம் பத்திரமாக வெளியே வந்துவிட்டது, இனி ரீசெற் பண்ணலாம் என்றால் இப்போது வயரை எடுக்கலாம். பழைய சாம்சங் போன்களில் பொத்தான்களே போதும். அன்ட்ரொயிட் 11இல் இருந்து, வயரின் மறுமுனை கொம்பியூட்டரில் இருந்தால்தான் போன் ‘றிகவரி’ என்ற பகுதிக்குள் போக விடும். கொம்பியூட்டரில் எந்த மென்பொருளும் வேண்டாம், அது ஒளிர்ந்துகொண்டிருந்தால் சரி. போனை இணைத்து, ஒலி குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். திரை கறுத்ததும் விரலை உடனே ஒலி கூட்டும் பொத்தானுக்கு மாற்றி, பவரோடு சேர்த்துப் பிடியுங்கள். சாம்சங் பெயர் வந்ததும் விடலாம். கறுப்புத் திரையில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் வரும். அங்கே விரல் வேலை செய்யாது. ஒலிப் பொத்தான்களால் மேலும் கீழும் நகர்ந்து, ‘வைப் டேட்டா, ஃபக்டரி ரீசெற்’ என்ற வரியில் நின்று பவரை அழுத்த வேண்டும். அது ஒருமுறை உறுதி கேட்கும். முடிந்ததும் ‘றீபூட் சிஸ்டம் நவ்’. விரலை மாற்றும் அந்த ஒரு கணம் தவறினால் போன் வழமைபோலப் பூட்டோடு எழும்பும். பயப்பட ஒன்றுமில்லை, திரும்பச் செய்யலாம்.

திறந்த பிறகுதான் இன்னொரு பூட்டு வரும். 2015இல் அன்ட்ரொயிட் 5.1 வந்த நாளில் இருந்து, இப்படி ரீசெற் பண்ணிய போன் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். திருடியவர் ரீசெற் பண்ணி விற்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. மகளின் கணக்கு என்றால் அவளுடைய மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் வேண்டும், பெரும்பாலும் அவளுடைய போனுக்கு ஒரு உறுதிப்படுத்தலும் போகும். அவள் விழித்திருக்கும் நேரமாகப் பாருங்கள். கோடை காலத்தில் இங்கே இரவு ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. கடவுச்சொல் மறந்து புதிதாக மாற்றினால், மாற்றிய பிறகு இருபத்துநான்கு மணித்தியாலம் பொறுத்து ரீசெற் பண்ணச் சொல்கிறது கூகுள். இந்த விபரம் தெரியாமல் ரீசெற் பண்ணிவிட்டு, பிறகு கணக்கைத் தாண்ட என்று சில ஆயிரம் ரூபா கொடுத்தவர்கள் எங்கள் ஊரில் குறைவில்லை. உங்களிடம் கணக்கு இருக்கும்போது அந்தச் செலவு தேவையில்லை.

உள்ளே நுழைந்ததும் உங்கள் பெயரிலேயே ஒரு கூகுள் கணக்கைத் திறந்து போடுங்கள். மீட்பு எண்ணாக மகளின் எண்ணைக் கொடுக்கலாம். பூட்டு எண்ணைக் கொப்பியில் எழுதி அலுமாரியில் வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இடம் 15 ஜிபி, 2021 ஜூனில் இருந்து படங்களும் அதற்குள்தான் கணக்கு. ஆகவே முக்கியமானவற்றைப் பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து, மகளிடமும் ஒன்று கொடுத்து அனுப்புங்கள். ஒரு வீட்டில் மட்டும் இருந்த அல்பங்களுக்கு 95இல் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐபோனுக்கு வழி வேறு. விண்டோஸ் கொம்பியூட்டரில் ஐடியூன்ஸ் அல்லது ‘அப்பிள் டிவைசஸ்’ என்ற செயலி வேண்டும். ஐபோன் 8 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் போனை அணைத்து வயரில் இணைத்து, ஒலி கூட்டும் பொத்தானை ஒருமுறை தட்டி விடுங்கள், குறைக்கும் பொத்தானை ஒருமுறை தட்டி விடுங்கள், பிறகு பக்கப் பொத்தானைப் பிடித்தபடி இருங்கள். வயரும் கொம்பியூட்டரும் வரைந்த படம் திரையில் வந்ததும் விட்டு, கொம்பியூட்டரில் ‘றிஸ்ரோர்’ என்பதை அழுத்தலாம். பல ஜிபி இறங்கும். பதினைந்து நிமிடத்துக்குள் இறங்கி முடியாவிட்டால் போன் அந்தத் திரையை விட்டு வெளியே வந்துவிடும், எங்கள் இன்ரநெற் வேகத்தில் அநேகமாக வரும். இறங்கி முடிய விட்டு, பொத்தான் வேலையை மறுபடி செய்தால் சரி. இதிலும் உள்ளே இருப்பது எல்லாம் அழியும். 2013இல் இருந்து அப்பிளிலும் கணக்குப் பூட்டு உண்டு. முதலில் மருமகனிடம் கதையுங்கள். அதில் அவருக்கு வேண்டியது ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால், ரீசெற் முடிந்ததும் அவர் அங்கிருந்தே தன் ஐக்ளவுட் கணக்கில் நுழைந்து, இந்தப் போனைப் பட்டியலில் இருந்து நீக்கிவிடலாம்.