கொக்கி தானாக உட்கார வேண்டும்

பழைய ஜெர்மன், ஆஸ்திரிய வேட்டைத் துப்பாக்கிகளில் கழற்றி மாட்டும் ஸ்கோப்பைப் பொருத்தக் கற்க வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் சொல்வது ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் ‘ஸூல் கொக்கி மவுண்ட்’ பற்றி. ஸூல், தூரிங்கியாவில் உள்ள துப்பாக்கிக் கம்மியர்களின் ஊர். இந்த மவுண்டில் முன்னால் இரண்டு கொக்கிகள், பின்னால் இரண்டு. கண் வைக்கும் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, முன் கொக்கிகளை அவற்றின் குழிகளில் நுழைத்து, பின்பக்கத்தை அமுக்கினால் ஸ்பிரிங் தாழ் ‘டக்’ என்று பூட்டும். பார்க்க எளிது. அந்த ஒரு ‘டக்’குக்காக நாள்கணக்கில் அரம் பிடிக்க வேண்டும்.

1. மேசைக்கு வந்த துப்பாக்கியை நீயே திறந்து உன் கண்ணாலேயே பார். கொண்டுவந்தவர் காலி என்று சொன்னாலும் பார். அடுத்து, குழலின் முத்திரைகளைப் படி. தோட்டா அளவு 8×57 என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடு. பழைய ‘ஐ’ குழலுக்கான குண்டு ஏறத்தாழ 8.08 மில்லிமீட்டர், பின்னால் வந்த ‘எஸ்’ குண்டு 8.20. பெரியதைச் சின்னக் குழலில் சுடுவது ஆபத்து. குழலின் உட்புறத்தை அளந்து எது என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்கோப் வேலையைத் தொடாதே.

2. ஏன் கழற்ற வேண்டும் என்பதைப் புரிந்துகொள். டிரில்லிங் என்னும் மூன்று குழல் துப்பாக்கியை எடுத்துக்கொள். பெரும்பாலும் இரண்டு குழல் சிதறுகுண்டுக்கு, ஒன்று தனிக்குண்டுக்கு. அந்தி மங்கலில் தூரத்து மானுக்கு ஸ்கோப் வேண்டும். புதருக்குள் ஓடும் பன்றிக்கோ, பறவைக்கோ அது தடை. வேட்டைக்காரர் கையுறையோடு, இருட்டில், கண் பாராமல் அதைக் கழற்றுவார். உன் வேலை அந்தக் கைக்காக.

3. ஏற்கெனவே துப்பாக்கியில் இருக்கும், கொக்கிக் குழிகள் உள்ள அடித்தளங்களை மதி. பல ஸ்கோப்களில் துப்பாக்கியின் எண்ணையே பொறித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று அராவிப் பொருத்தியவை, வேறொன்றில் மாட்டினால் குறி நிற்காது. ஸ்கோப் தொலைந்து அடித்தளம் மட்டும் வந்தால், புதுக் கொக்கிகளைப் பழைய குழிக்கு ஏற்ப அராவு. குழியை அராவாதே. கொக்கி கெட்டால் இன்னொன்று செய்யலாம். நூறு வருடத் துப்பாக்கியில் குறைத்த இரும்பு திரும்பாது.

4. இதுதான் வேலையின் உயிர், நிதானமாகக் கேள். சுடும்போது துப்பாக்கி பின்னால் பாயும். ஸ்கோப் தன் கனத்தால் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்த இழுப்பை முன் கொக்கிகள் இரண்டும் சமமாகத் தாங்க வேண்டும். ஒன்று மட்டும் தொட்டால் அது தேயும், பிறகு குறி விலகும். சமமா என்று கண்ணால் தெரியாது. மெழுகுவர்த்திப் புகையைக் கொக்கியில் பிடி, மாட்டு, கழற்று. கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே மட்டும் பொடி அரத்தால் ஒரு தடவு. மறுபடி புகை. என் மாஸ்டர், கரி அழிந்த இடம் இரண்டு கொக்கியிலும் ஒரே அகலமாகத் தெரியும்வரை பேசவே மாட்டார். நானும் இப்போது அப்படித்தான்.

முன்பக்கம் சரியானதும் பின்பக்கம். முன் கொக்கி உட்கார்ந்தபின், பின் கொக்கிகள் பக்கவாட்டில் எங்கும் உரசாமல் தம் குழிக்குள் இறங்க வேண்டும். கட்டைவிரலால் வலிந்து அமுக்கித்தான் இறங்குகிறது என்றால் ஸ்கோப் குழல் வளைகிறது என்று அர்த்தம். தாழ் பூட்டிக்கொள்ளும், வாடிக்கையாளரும் மகிழ்வார், ஆனால் குறி நாளுக்கொரு பக்கம் போகும். தாழையும் கடைசிவரை ஓடவிடாதே. தேயத் தேய முன்னேற அதற்குக் கொஞ்சம் இடம் மிச்சம் வை.

5. பழைய எஃகு ஸ்கோப்களில் கொக்கிகளைத் தாங்கும் வளையங்களை ஈயப் பற்றாசு வைத்து ஒட்டியிருப்பார்கள். சூடு காட்டும் முன் கண்ணாடிகள் எல்லாவற்றையும் வெளியே எடு. அவற்றுள் சில பால்சம் பிசினால் ஒட்டிய இரட்டைகள். தொழிலின் இரண்டாம் வருடத்தில் அவசரப்பட்டு ஒருவருடைய அப்பா வைத்திருந்த ஸ்கோப்பை அப்படியே சூடாக்கினேன். கண்ணாடிக்குள் மஞ்சள் மேகம் படர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. பின்னாளில் வந்த இலேசான உலோக ஸ்கோப் குழல்களில் இப்படி ஈயம் பிடிக்காது. அடியில் தண்டவாளம் போன்ற பட்டை உள்ளதாக இருந்தால் அதில் திருகாணிதான்.

டிரில்லிங்கின் குழல்களும் நடுப்பட்டையும்கூடப் பெரும்பாலும் ஈயத்தால் இணைந்தவை. அடித்தளத்துக்குச் சூடு காட்டும்போது பக்கத்துப் பட்டை கழன்றுவிடாமல் ஈரத் துணி சுற்று. வேலை முடிந்து நீலம் ஏற்றும்போது கொதிக்கும் காரத் தொட்டியில் மட்டும் போடாதே, காரம் ஈயத்தைத் தின்றுவிடும். பொறுமையாகத் துருவேற்றித் தேய்க்கும் பழைய முறைதான் இதற்கு.

6. மவுசர் 98 துப்பாக்கியின் உடற்கூட்டில் மேல்தோல் கடினமாக்கப்பட்டிருக்கும், உள்ளே மென்மை. அடித்தளத்துக்குத் துளையிடும்போது டிரில் பிட் சறுக்கினால் கோபத்தில் நெருப்பு காட்டாதே. செம்மை படரும் சூடு அந்தக் கடினத்தைக் கொன்றுவிடும். மான்லிக்கர் ஷோனாவர் துப்பாக்கியில் வேறு சிக்கல்: போல்ட் கைப்பிடி உடற்கூட்டின் பின்பாலத்தின் நடுவே பிளந்துகொண்டு போகிறது. அதனால் பின் அடித்தளத்தை எங்கே வைப்பது, கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்குமா என்று முதலில் களிமண்ணில் வைத்துப் பார்.

7. பல பழைய ஸ்கோப்களில் மேல்கீழ் திருப்பம் மட்டுமே உண்டு. இடவல நகர்வு மவுண்டில்தான்: பின் அடித்தளத்தை எதிரெதிர்த் திருகாணிகள் நகர்த்தும். ஒன்றைத் தளர்த்தாமல் மற்றதை முறுக்காதே. இவற்றை இன்றைய ஸ்கோப்பின் திருப்பானைப் போல நினைத்துத் திருகி வளைத்தவர்களின் வேலையைத்தான் நான் பாதி நாள் சரிசெய்கிறேன்.

8. சுட்டுப் பார்க்கும்போது அடுத்தடுத்து ஐந்து குண்டு ஒரே இடத்தில் விழுவது போதாது. 100 மீட்டரில் ஒரு குண்டு சுடு, ஸ்கோப்பைக் கழற்று, மாட்டு, மறுபடி ஒன்று. நடுவில் குழல் ஆறட்டும். இப்படி ஐந்து முறை. எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கினால் வேட்டைக்கு அனுப்பலாம். சிதறினால் ஸ்கோப்பைத் திட்டாதே, மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்று.

9. ஒப்படைக்கும்போது உரிமையாளரை உன் எதிரிலேயே மூன்று முறை கழற்றி மாட்டச் சொல். குழிகளில் தூசும் பழைய எண்ணெயும் சேராமல் துடைக்க ஒரு மரக்குச்சி கொடு. எந்தத் தோட்டாவுக்குக் குறி வைத்தாய் என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்கோப் உறைக்குள் வை. அவருக்குப் பிறகு அவர் பேத்தி அதைத் திறக்கும்போது உன்னைக் கேட்க முடியாது.