காப்புப் பிரதி எடுக்கும் கட்டளைத் தொடர்: பிழை காணும் முறை

கணிப்பொறியில் உள்ள கோப்புகளை நாள்தோறும் கையால் வேறொரு தட்டுக்குப் பிரதி செய்வது சலிப்பூட்டும் வேலையாகும். ஆகையால் லினக்ஸ் இயக்கமுறையைப் பயிலத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் எழுதிப் பார்ப்பது காப்புப் பிரதி எடுக்கும் கட்டளைத் தொடரையே. இத்தொடரைப் படித்து நிறைவேற்றும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். அதனை 'ஓடு' எனத் தமிழாக்கலாம். ஆனால் பிறகு 'ஓட்டை ஓட்டு' என்றெல்லாம் எழுத நேரிடுமாதலால் ஷெல் என்றே கொள்வோம்.

தொடக்க நிலையில் எழுதப்படும் தொடர் ஏறக்குறைய ஐந்து வரிகளில் அமையும். முதல் வரி, காப்புத் தட்டின் இருப்பிடத்தை ஒரு மாறியில் வைக்கும். இரண்டாவது, 'சி.டி.' கட்டளையால் அவ்விடம் செல்லும். மூன்றாவது, அங்குள்ள பழைய பிரதியை 'ஆர்.எம்.' கட்டளையால் அழிக்கும். நான்காவது, 'சி.பி.' கட்டளையால் புதிய பிரதியை எடுக்கும். ஐந்தாவது, 'பணி முடிந்தது' என அறிவிக்கும். இக்கட்டுரையாளர் தம் கலைச்சொற் பட்டியல்களைப் பாதுகாக்க முதன்முதலில் எழுதியதும் இதுவே. பகலில் கையால் இயக்கியபோது அது குறையின்றி நடந்தது.

ஆயினும் ஷெல்லின் இயல்பு ஒன்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு கட்டளை தோல்வியுற்றாலும் ஷெல் நிற்பதில்லை. அடுத்த வரிக்குச் சென்றுவிடும். காப்புத் தட்டு இணைக்கப்படாத ஓர் இரவில் சி.டி. தோற்றதெனக் கொள்வோம். மூன்றாம் வரி அப்போதும் நிறைவேறும். தான் நிற்கும் இடத்தில் உள்ளவற்றை அழிக்கும். குறித்த நேரத்தில் தொடரை இயக்கும் 'கிரான்' என்னும் நிரலோ, பயனரின் சொந்தக் கோப்புறையிலிருந்தே அதனைத் தொடங்குகிறது. காக்க வேண்டிய கோப்புகள் இருப்பதும் அங்கேதான்! அழிவு முடிந்தபின் ஐந்தாம் வரி வழக்கம்போல 'பணி முடிந்தது' என்று அறிவிக்கும்.

சி.டி. வரியின் இறுதியில் இரண்டு செங்குத்துக் கோடுகளும் 'எக்ஸிட் 1' என்பதும் சேர்த்தால், செல்ல இயலாதபோது தொடர் அங்கேயே நின்றுவிடும். ஆனால் இதுவும் போதாது. தட்டு இணைக்கப்படாவிடினும் அது பொருந்தும் வெற்றுக் கோப்புறை பெரும்பாலும் இருக்குமாதலால், சி.டி. வெற்றி பெற்று, பிரதி முழுவதும் அதே பழைய தட்டிலேயே விழலாம். 'மவுண்ட்பாயிண்ட்' என்னும் கட்டளை தட்டு உண்மையில் இணைந்துள்ளதா என்று சொல்லும். அதனை முதலில் கேட்க வேண்டும். இவற்றினும் மேலான திருத்தம், வரிசையை மாற்றுவதாகும். அன்றைய தேதியிட்ட புதிய கோப்புறையில் பிரதி எடுத்து, அது சரியென்று கண்ட பின்னரே பழையதை அழிக்க வேண்டும்.

இனி மாறிகளைக் கவனிப்போம். 'மாத அறிக்கை' என இடைவெளியுடன் பெயரிட்ட கோப்புறையை, இரட்டை மேற்கோட்குறிக்குள் அடைக்காத மாறி வழியாகக் கொடுத்தால், ஷெல் அதனை இரண்டு பெயர்களாகப் பிரித்துக்கொள்ளும். மாறியின் பெயரில் ஓரெழுத்துப் பிழைபட்டாலோ, அதன் மதிப்பு வெறுமையாகிவிடும். மாறிக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரமும் இட்டு ஆர்.எம். கட்டளைக்குக் கொடுத்திருந்தால், எஞ்சுவது சாய்கோடும் நட்சத்திரமுமே. அதாவது கணிப்பொறியின் வேரில் உள்ள அனைத்தும். தொடரின் தலைப்பில் 'செட் -யு' என எழுதிவிட்டால், மதிப்பளிக்கப்படாத மாறியைக் கண்டவுடன் ஷெல் நின்றுவிடும்.

இப்பிழை மாணவர்க்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணிப்பொறியில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை ஏறத்தாழ 77 டெராபைட் தரவு, 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் தரவை மீட்க இயலவில்லை. பழைய பதிவுக் கோப்புகளை நீக்கும் பகுதியொன்று காப்புப் பிரதித் தொடரில் இருந்தது. அத்தொடர் இயங்கிக்கொண்டிருக்கையிலேயே அதன்மீது திருத்திய தொடர் எழுதப்பட்டது. பாஷ் என்னும் ஷெல் தொடரை முழுவதும் முன்கூட்டிப் படித்து வைப்பதில்லை. சிறிது சிறிதாகவே படிக்கிறது. எனவே நடுவழியில் புதிய தொடரைப் படித்தது. மாறிகள் மதிப்பின்றிப் போயின. பதிவுக் கோப்புகளுக்குரிய அழிப்பு ஆய்வுத் தரவின்மீது பாய்ந்தது. ஆகையால் திருத்தத்தைத் தனிக் கோப்பில் எழுதி, 'எம்.வி.' கட்டளையால் பழையதன் இடத்தில் வைப்பதே முறையாகும். ஓடிக்கொண்டிருக்கும் தொடர் அப்போது தன் பழைய கோப்பையே படித்து முடிக்கும்.

பிழை எங்குள்ளது எனத் தெரியாதபோது, தொடரை 'பாஷ் -எக்ஸ்' என்று இயக்குக. மாறிகளுக்குப் பதில் மதிப்புகள் இடப்பட்ட ஒவ்வொரு கட்டளையும் கூட்டற்குறியுடன் திரையில் தோன்றும். சோதனை முடியும்வரை ஆர்.எம். சொல்லுக்கு முன் 'எக்கோ' என்று எழுதி வைத்தால், அழிக்காமல் எதை அழிக்கப்போகிறது என்று மட்டும் காட்டும். கையால் இயக்கினால் நடந்து, இரவில் நடவாத தொடருக்குக் காரணம் பெரும்பாலும் கிரான் கட்டளைகளைத் தேடும் பாதை குறுகியதாயிருத்தலே. கட்டளைகளின் முழு முகவரியை எழுதுக. பிழைச் செய்திகளையும் ஒரு பதிவுக் கோப்பிற்குத் திருப்பிவிடுக.

இறுதியாக, எடுத்த பிரதியை வேறொரு கோப்புறையில் மீட்டு, 'டிஃப் -ஆர்' கட்டளையால் மூலத்துடன் ஒப்பிடுக. வேறுபாடு இல்லையெனில் அது ஒன்றும் சொல்லாது. முதன்முறை பெரும்பாலும் சொல்லும்: புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புகள் மூலத்தில் மட்டுமே உள்ளன என்று. நட்சத்திரக் குறி அவற்றைச் சேர்ப்பதில்லை. சி.பி. வரியில் '-ஏ' என்பதைச் சேர்த்து, மூலக் கோப்புறைக்குப் பின்னுள்ள நட்சத்திரத்தை நீக்கி அவ்விடத்தில் ஒரு புள்ளி வைத்தால் அவையும் வந்துவிடும்.