செவிப்புலன் இழந்தோரும் டெலிபோனும்

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் யாவர் என வினவின், அலெக்சாண்டர் கிரஹாம் பெல் என்று நம் மாணாக்கர் அனைவரும் உடனே விடை பகர்வர். ஆயின் அவர் செவிப்புலன் இழந்தோர்க்குக் கல்வி கற்பித்த ஆசிரியர் என்பதைச் சிலரே அறிவர். 1877-ம் ஆண்டில் அவர் மணந்த மேபிள் அம்மையார் குழந்தைப் பருவத்திலேயே நோயினால் கேட்கும் ஆற்றலை இழந்தவர். 1876-ம் ஆண்டில் பெல் உரிமைப் பத்திரம் பெற்ற அக்கருவி தூரதேசங்களை அண்மையாக்கிற்று. அவர் மனைவியாருக்கோ அஃது ஒலி தாராத மரப்பெட்டியாகவே நின்றது.

இக்குறை நீங்க ஒரு நூற்றாண்டு சென்றது. அஃது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நீங்கிய வகையையும், அதற்காகும் செலவை ஏற்க வேண்டியவர் யாவர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டெலிபோன் அரிய பொருளாய் இருந்த காலத்தில், அதனைப் பயன்படுத்த இயலாமை பெருங்குறையாகத் தோன்றவில்லை. வீடுதோறும் அது புகுந்த பின்னரோ, வைத்தியரை அழைப்பதும், வேலை உண்டோ என விசாரிப்பதும், கடையில் சரக்குக் கேட்பதும் அதன் வழியாகவே நடைபெறலாயின. கேளாதார் அண்டை வீட்டாரையோ தம் சிறு பிள்ளைகளையோ இரந்து நிற்க நேர்ந்தது. தம் நோயையும் கடனையும் பிறர் வாயிலாகச் சொல்லுவிப்பவர் படும் மன வேதனையை நாம் எளிதில் ஊகித்துக்கொள்ளலாம்.

1964-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் ராபர்ட் வைட்பிரெக்ட் என்னும் பௌதிக சாஸ்திரி, தட்டெழுத்துத் தந்திப்பொறியை டெலிபோனுடன் இணைக்கும் சாதனம் ஒன்றை அமைத்தார். அவர் தாமே செவிப்புலன் இல்லாதவர். ஒருமுனையில் தட்டும் எழுத்துக்கள் ஒலிகளாக மாறிக் கம்பி வழியே சென்று, மறுமுனையில் மீண்டும் எழுத்துக்களாகப் பதிந்தன. ஆயினும் இருபுறத்தாரிடமும் அப்பொறி இருத்தல் வேண்டும். வைத்தியரிடமும் கடைக்காரரிடமும் அஃது ஏது?

இத்தடையை நீக்க எழுந்ததே ரிலே என்னும் இடையாளர் சேவை. கேளாதவர் தம் பொறியில் தட்டுவதை இடையாளர் படித்து மறுமுனையிலுள்ளாரிடம் வாயாற் சொல்வார். அவர் கூறும் மறுமொழியைத் தட்டெழுத்தாக்கி இவருக்கு அனுப்புவார். ஒருவர் தம் பேச்சை முடித்ததும், 'இனி நீர் பேசலாம்' என்பதற்கு அடையாளமாக ஜி.ஏ. என்னும் ஈரெழுத்துக்களைத் தட்டுவது வழக்கமாயிற்று.

தொடக்கத்தில் இத்தொண்டைப் பெரும்பாலும் தன்னார்வமுள்ள சங்கங்கள் நடத்தி வந்தன. நன்கொடை குறைந்தால் சேவையும் குறையும். ஆள் இல்லையேல் அழைப்பும் இல்லை. நள்ளிரவில் நெஞ்சுவலி வரின், தருமசிந்தையுள்ளார் விழித்திருப்பர் என்பது என்ன நிச்சயம்? கலிபோர்னியா மாகாணம் 1979-ம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, டெலிபோன் சந்தாதாரர் யாவரிடமும் சிறு தொகை பெற்று, கேளாதார்க்குப் பொறிகளை இலவசமாக வழங்க வகை செய்தது. 1987-ம் ஆண்டு முதல் மாகாணம் முழுவதற்கும் இரவுபகல் இடையாளர் சேவையும் நடைபெற்றது.

1990-ம் ஆண்டு ஜூலை 26-ம் நாள் நாடு முழுவதற்குமாக உடற்குறையுடையோர் உரிமைச் சட்டம் நிறைவேறிற்று. அதன் நான்காம் பகுதி, மூன்றாண்டுகளுக்குள் எல்லா டெலிபோன் கம்பெனிகளும் இச்சேவையை ஏற்படுத்த வேண்டுமெனப் பணித்தது. இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. சட்டம் இயற்றியோர் இதனைத் தருமக் கணக்கில் எழுதவில்லை. 1934-ம் ஆண்டின் தொடர்புத்துறைச் சட்டத்திலேயே ஒரு பிரிவாகச் சேர்த்தனர். நாட்டு மக்கள் அனைவர்க்கும் இயன்றவரை நியாயமான கட்டணத்தில் தந்தி, டெலிபோன் வசதி கிடைத்தல் வேண்டும் என்பதே அப்பழைய சட்டத்தின் நோக்கம். அவ்வாக்கு நிறைவேறாதிருந்தது, 1990-ல் அதனை நிறைவேற்ற முனைந்தனர்.

பண ஏற்பாடு பின்வருமாறு: இடையாளர் வழியே பேசுவோர் சாதாரண அழைப்பினும் அதிகமான கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. மாகாணத்திற்குள் நிகழும் அழைப்புக்களின் செலவை அம்மாகாணம் பொதுவாகச் சந்தாதாரரிடமிருந்து சிறு கூடுதல் கட்டணமாகப் பெறும். மாகாணங்களுக்கு இடையே நிகழ்வனவற்றிற்கு, 1993-ம் ஆண்டில் ஒரு பொதுநிதி நிறுவப்பட்டது. கம்பெனிகள் தத்தம் வருவாய்க்கு ஏற்ப அதற்குப் பங்கு செலுத்தும். இடையாளர் செய்திகளைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இரகசியம் காத்தல் வேண்டும். 2001-ம் ஆண்டில் 711 என்னும் எண் நாடெங்கும் இச்சேவைக்குப் பொதுவாயிற்று.

பயன்படுத்தாதாரும் பணம் கொடுப்பது முறையோ என்று சிலர் வினவுவர். பேச்சுக்கு இருமுனை உண்டு என்பதை அவர் மறந்தனர். கேளாத மகனை அழைக்கும் தாயும், கேளாத தொழிலாளியை நாடும் முதலாளியும் இச்சேவையாற் பயன் பெறுகின்றனர். அன்றியும், எட்டாத கிராமத்திற்குக் கம்பி இழுக்கும் செலவில் நகரத்தார் பங்கு ஏற்பதை நியாயமென ஒப்புக்கொள்வோர், எட்டாத செவிக்கு வழியமைக்கும் செலவை மறுத்தற்கு இடமில்லை.

பொதுப்பணம் உள்ளவிடத்து வஞ்சகரும் வருவர் என்பதை மறைத்தலும் தகாது. சைகைமொழியைப் படக்காட்சி வழியே பெயர்த்துரைக்கும் சேவைக்கு 2000-ம் ஆண்டு முதல் இந்நிதியிலிருந்து நிமிடக் கணக்கில் பணம் அளிக்க இடமளிக்கப்பட்டது. சிலர் பொய் அழைப்புக்களை நிகழ்த்தி நிமிடங்களைப் பெருக்கினர். 2009-ம் ஆண்டில் 26 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. பின்னர் விதிகள் கடுமையாயின. அதனால் சேவையை நிறுத்திவிடவில்லை. களவு போயிற்றென்று களஞ்சியத்தை இடிப்பார் உண்டோ? காவலையன்றோ மிகுவிப்பர்!

அன்பார்ந்த மாணாக்கர்களே, கற்று முடித்து நீங்கள் எந்திரங்கள் செய்வீர்கள், சட்டங்கள் வகுப்பீர்கள், அலுவலகங்கள் நடத்துவீர்கள். ஒரு சாதனம் பொதுவானது என்று கூறுமுன், அதன் முன்னே நின்று பயனின்றித் திரும்புவார் யாவர் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அவர்க்கு வழியமைக்கும் செலவு அச்சாதனத்தின் விலையில் ஒரு பகுதியே; நாம் இடும் பிச்சை அன்று.