ரம்ப நாடா ஏன் அறுகிறது?

ஐயப்பன்தாங்கலுக்கு வடக்கே, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் இரும்புத் தண்டுகளைத் துண்டு போடும் ரம்ப இயந்திரத்தைக் காணலாம். ‘பேண்ட்சா’ என்பார்கள். இரண்டு சக்கரங்களின்மேல் பல்வைத்த எஃகு நாடா ஒன்று சுற்றுகிறது, அவ்வளவுதான். ஆனால் நாடா அறுந்தால் வேலை நிற்கும். அதன் விலையும் குறைவன்று.

27 மி.மீ. அகலமும் 0.9 மி.மீ. தடிப்பும் உள்ள நாடாவை எடுத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு சுமார் 24 சதுர மி.மீ. ஒவ்வொரு சதுர மி.மீட்டருக்கும் ஏறத்தாழ 200 நியூட்டன் தகைவு இருக்குமாறு அதை இறுக்குவார்கள். பெருக்கிப் பாருங்கள்: 4,800 நியூட்டன். ஏறக்குறைய அரை டன் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம்! இந்த இழுப்பு இல்லாவிட்டால் நாடா பக்கவாட்டில் விலகி, வெட்டு கோணலாகும்.

அப்படியானால் இன்னும் இறுக்கலாமே என்பீர்கள். கூடாது. சக்கரத்தின்மேல் வளையும்போது நாடாவின் வெளிப்புறம் நீள்கிறது. தடிப்பைச் சக்கரத்தின் விட்டத்தால் வகுத்தால் அந்தத் திரிபு கிடைக்கும். விட்டம் 400 மி.மீ. எனில் 0.9/400 = 0.00225. எஃகின் யங் குணகம் சதுர மி.மீட்டருக்கு 2,00,000 நியூட்டன். இரண்டையும் பெருக்கினால் 450. இறுக்கியதால் வந்த 200ஐயும் இதனோடு கூட்டுங்கள். வெளிப்புறம் தாங்குவது 650! தடித்த நாடா போட்டால் உறுதி கூடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. அதே சக்கரத்தில் 1.1 மி.மீ. நாடாவுக்கு வளைவுத் தகைவு மட்டுமே 550 ஆகிவிடும்.

3.5 மீட்டர் நீள நாடா நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதன் ஒவ்வோர் இடமும் நிமிடத்துக்குச் சுமார் 34 முறை வளைந்து நிமிர்கிறது. மணிக்கு 2,000 முறைக்கு மேல். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பீர்களே, அதற்கு இது ஒன்றுவிட்ட தம்பி. பல்லிடுக்கில் நுண்ணிய விரிசல் தோன்றி, மெல்ல வளர்ந்து, ஒருநாள் நாடா அறுகிறது. வேலை முடிந்ததும் இழுவிசையைத் தளர்த்திவைத்தால் நாடாவுக்கும் சக்கரத்தின் பேரிங்குக்கும் சுமை குறையும்.

நாடாவை நேராகப் பிடிக்கும் வழிகாட்டிகளைத் தண்டுக்கு இயன்றவரை அருகே நகர்த்த வேண்டும். பலர் சோம்பலால் இதை விட்டுவிடுகிறார்கள். இரு முனைகளில் தாங்கப்பட்ட பட்டையின் வளைவு, நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இழுவிசையின் பங்கை ஒதுக்கிவிட்டால், இடைவெளி பாதியாகும்போது வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

குறைந்தது மூன்று பற்களாவது எப்போதும் உலோகத்துக்குள் இருக்க வேண்டும். மெல்லிய குழாய்க்கு நெருங்கிய பற்கள் தேவைப்படுவது இதனால்தான். புது நாடாவின் பல்முனை மிகக் கூரானது. எடுத்தவுடன் முழு அழுத்தம் கொடுத்தால் பொடிந்துவிடும். முதலில் பாதி அழுத்தம் போதும். பிறகு சீவலைக் கவனியுங்கள். தளர்ந்த வெள்ளிச் சுருளாக வந்தால் சரி. பொடியாக வந்தால் அழுத்தம் போதாது. நீலம் பாரித்திருந்தால் அழுத்தமோ வேகமோ மிகுதி.

எதைச் சரிசெய்வதானாலும் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். சுருட்டிக் கட்டிய நாடாவைப் பிரிக்கும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம். கட்டை அவிழ்த்ததும் அது பாம்புபோலத் துள்ளும்.