பெடல் இல்லாத சைக்கிள்

அன்புள்ள மருமகளுக்கு,

"இவ்வளவு விலை சொல்றாங்க மாமா, பெடல் கூட வைக்க மாட்டாங்களாம்!" என்று நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டு உன் அத்தை இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கடைக்காரர் உன்னை ஏமாற்றவில்லை. கொஞ்சம் உசத்தியான ரோடு பைக்குகள் பெரும்பாலும் பெடல் இல்லாமல்தான் வரும். எந்த ஷூ, எந்தப் பெடல் என்பதை ஓட்டுகிறவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று கம்பெனிக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். பெடலைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. அதற்கு முன் ஃபிரேம்.

நாங்கள் சைக்கிள் பழகியது குரங்கு பெடலில். பெரியவர்கள் ஓட்டும் 22 இன்ச் வண்டி. பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, இடுப்பை ஒடித்துக்கொண்டு மிதிப்போம். வண்டிக்கு ஏற்றபடி உடம்பை வளைத்தே பழகிவிட்டோம். அதனால்தான் இப்போதும் கடையில், "54 சைஸ் தள்ளுபடியில இருக்கு, சீட்டை இறக்கிக்கலாம்" என்றால் தலையாட்டிவிடுகிறோம். நீ ஆட்டாதே. சீட்டை இறக்கிவிடலாம், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடையே உள்ள தூரத்தை அப்படிச் சுருக்க முடியாது. ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சரிக்கட்டலாம், அவ்வளவுதான். எட்டிப் பிடித்தபடியே இரண்டு மணி நேரம் ஓட்டினால் கழுத்தும் உள்ளங்கையும் மரத்துப்போகும்.

கம்பெனியின் அளவுப் பட்டியலில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும். பெடல் சுழலும் மையத்திலிருந்து ஃபிரேமின் முன்தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது ரீச். "ஸ்மால்" என்று ஒரே மாதிரி எழுதியிருந்தாலும் இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பந்தய வண்டிகளில் ஸ்டாக் குறைவு, ரீச் அதிகம். உடம்பு குனிந்து காற்றைக் கிழிக்க வேண்டும் என்பதற்காக. உனக்கு வேண்டியது 'எண்டியூரன்ஸ்' என்று சொல்லப்படும் வகை. அதில் முன்பக்கம் உயரமாக இருக்கும், முதுகு அவ்வளவு வளையாது. பிரான்ஸில் 1896-இல் தொடங்கிய பாரிஸ்–ரூபே பந்தயம் கருங்கல் பாவிய பாதைகளுக்குப் பேர்போனது. ஸ்பெஷலைஸ்டு கம்பெனி இந்த வகை வண்டிக்கு ரூபே என்றே பெயர் வைத்தது. நம் ஊரில் அந்த அனுபவத்துக்குப் பந்தயம் எதுவும் தேவையில்லை, மழைக்காலம் முடிந்தால் போதும்.

டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். 32 நுழையுமா என்று கேட்டுக்கொள். அகல டயரில் காற்றைக் கல்லாக அடிக்கக் கூடாது. உன் எடைக்கு 32-இல் 55 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை தாராளம். ஏற்காடு ஏறப் போவதாகச் சொன்னாய் அல்லவா, அதற்கு முன்னால் 34 பல், பின்னால் பெரியது 34 பல் இருக்கிற கியர் கேள். கடைசிக் கியரில் பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. மூச்சு வாங்கும், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது.

பிரேக்கைத் தொட்டுப் பார்க்காமல் எந்த வண்டியையும் வாங்காதே. உன் கை சிறியது. விரல் எட்டாத லீவர் இறக்கத்தில் ஆபத்து. பெரும்பாலான லீவர்களைச் சிறு திருகால் உள்ளே கொண்டுவந்துவிடலாம். வலது லீவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதையும் பார். நமக்கு வலது கை முன் பிரேக் என்று பழக்கம், வெளிநாட்டு வண்டிகள் சிலவற்றில் மாறி இருக்கும். சிறிய ஃபிரேம்களில் இன்னொரு சங்கதி: மெதுவாகத் திரும்பும்போது கால் விரல் முன் சக்கரத்தில் இடிக்கும். குறை என்று பயப்பட வேண்டாம், தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

சீட் உயரம் சரியா என்று பார்க்க, சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வை. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தில் மிதிக்கும்போது லேசாக மடங்கும். இந்த உயரத்தில் உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் எட்டாது. முதல் பயமே அதுதான். நிற்க வேண்டுமானால் சீட்டிலிருந்து முன்னால் வழுக்கி இறங்கிப் பாரின் இருபக்கமும் காலூன்ற வேண்டும். அப்படி நிற்கும்போது பாருக்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். தெருமுனையில் இதை மட்டும் ஒரு வாரம் பழகு. சிக்னலில் தடுமாறாமல் நிற்க வந்துவிட்டால் லாரிக்காரன் ஹாரன் அடித்தாலும் கை நடுங்காது.

இனி பெடல். பனிச்சறுக்குப் பலகையில் காலைப் பூட்டும் கொக்கி செய்துகொண்டிருந்த லுக் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 1984-இல் அதே யுக்தியைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ அந்தப் பெடலில் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். அதிலிருந்து ஷூவைப் பூட்டிக்கொள்ளாதவன் சைக்கிள்காரனே இல்லை என்று ஓர் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தள்ளு விசையில் பெரும்பங்கு கால் கீழே அழுத்தும்போதுதான் வருகிறது. அதற்குப் பூட்டு வேண்டாம். அகலமான, முள் பதித்த பிளாட் பெடலும் அடிப்பாகம் கெட்டியான ஷூவும் போட்டு முதல் சில மாதங்களை ஓட்டு.

பிறகு ஆசை வந்தால் ஷிமானோவின் எஸ்.பி.டி. என்ற பூட்டுப் பெடலை வாங்கு. ஒருபக்கம் பூட்டு, மறுபக்கம் பிளாட் என்று கிடைக்கிறது, நெரிசலில் பிளாட் பக்கத்தில் மிதிக்கலாம். அதன் க்ளீட், அதாவது பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டு, ஷூவின் அடியில் புதைந்திருப்பதால் டீக்கடை டைல்ஸ் தரையில் நடக்கவும் முடியும். மூன்று திருகு வைத்த பந்தய க்ளீட்டைப் போட்டுக்கொண்டு அந்தத் தரையில் நடக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பெடலின் இறுக்கத் திருகைக் கழித்தல் குறிப் பக்கம் கடைசிவரை தளர்த்திவிடு. எஸ்.எச். 56 என்ற க்ளீட் பல பக்கமும் திருப்பினால் கழன்றுகொள்ளும், அதைக் கேட்டு வாங்கு.

கழற்றும்போது காலை மேலே இழுக்காதே. குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பு, 'டக்'கென்று விடும். இடது காலை முதலில் கழற்று. நம் சாலையில் ஓரம் இடப்பக்கம்தான், வலப்பக்கம் சாய்ந்தால் வண்டிகளுக்கு நடுவே விழுவாய். பிரேக் பிடித்து நின்ற பிறகு கழற்றலாம் என்று நினைக்கிறவர்கள்தான் நின்ற இடத்திலேயே சாய்கிறார்கள். நிற்பதற்குச் சில கஜம் முன்பே கால் வெளியே வந்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் புல்தரையில், கடைசியாகச் சாலையில் பழகு.

ஓட்டப் போகும் ஷூவைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போ. பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க விடாத கடையில் அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா